தானாக முளைத்த புதர்ச்செடியை இனங்காணும் முறை

விதைக்காமலும் நடாமலும் வீட்டுத் தோட்டத்தில் முளைத்து நிற்கும் செடியைத் தான்தோன்றி என்று சொல்வது வழக்கமாயினும், அதுவும் எங்கிருந்தோ வந்த ஒரு விதையின் பயனே ஆகும். மின்கம்பியிலும் கொய்யாக் கிளையிலும் அமர்ந்த குயிலும் மைனாவும் சின்னான் குருவியும் எச்சத்தோடு இட்டதாகவோ, இரவில் வௌவால் உமிழ்ந்த சக்கையில் ஒட்டியிருந்ததாகவோ, ஆட்டெருவிலும் மாட்டெருவிலும் செரிக்காமல் தங்கியதாகவோ, வண்டியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண்ணில் கலந்திருந்ததாகவோ அவ்விதை இருக்கலாம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைவிடும் இவ்விதைகள், தை, மாசி வாக்கில் முழங்காலுக்கு மேல் உயர்ந்த பிறகே பெரும்பாலோர் கண்ணில் படுகின்றன.

அந்நிலையில் இரண்டு தவறுகள் நேர்வதுண்டு. களை என்று கருதி வேரோடு பிடுங்கி எறிவது ஒன்று. மூலிகை என்று யாரோ சொன்னதை நம்பி இலையைப் பறித்து ரசத்திலோ கஷாயத்திலோ இடுவது மற்றொன்று. முதல் தவறால் ஆவாரையும் நொச்சியும் கறிவேப்பிலைக் கன்றும் வீணாகின்றன; இரண்டாவது தவறு உயிருக்கே கேடு தரக்கூடியது. பெயர் உறுதிப்படும் வரை செடியைப் பிடுங்கவும் கூடாது, அதன் எப்பகுதியையும் வாயில் வைக்கவும் கூடாது என்ற விதியைக் கடைப்பிடித்தால் இவ்விரண்டும் தவிர்க்கப்படும்.

இவ்விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. சுவர் விரிசலிலோ, கிணற்றின் உள்வட்டத்திலோ, மாடித் தளத்திலோ முளைத்த செடியைப் பூக்கும் வரை விட்டுவைக்க இயலாது. அங்கே முளைப்பவற்றுள் அரசும் ஆலும் மிகுதி. நுனி வால் போல நீண்ட இலை அரசுக்கு உரியது. ஆலும் அரசும் அத்தியும் சேர்ந்த இனத்தில், துளிரை மூடியிருக்கும் உறை உதிர்ந்தபின் தண்டைச் சுற்றி மோதிரம் போன்ற வடு தங்கும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். மோதிர வடுவும் பாலும் ஒருங்கே காணப்பட்டால், பெயர் இன்னதென்று துல்லியமாகத் தெரியாவிட்டாலும் அதனை உடனே அகற்றிவிடுவதே கட்டடத்துக்கு நல்லது.

முதற்படி: நிற்கும் இடத்தையும் உருவத்தையும் குறித்தல்

செடியைத் தொடுவதற்கு முன் அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மரத்தடியிலும் கம்பிக்குக் கீழும் முளைத்தது சதைப்பற்றுள்ள கனியை உடைய செடியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. சுண்டை, உண்ணிச்செடி, கறிவேப்பிலை, வேம்பு, தேன்பழம் ஆகியவை இவ்வாறு வருபவை. எருவிட்ட பாத்தியில் முளைத்தது ஆடுமாடு தின்ற நெற்றுக்குரியதாக இருக்கலாம். சீமைக்கருவேலம் பெரிதும் இவ்வழியிலேயே தோட்டத்துக்குள் நுழைகிறது. வேலியோரத்தில் பஞ்சு பறந்து வந்து விழுந்த இடத்தில் எருக்கு முளைக்கும். இக்குறிப்பு பெயரைத் தந்துவிடாது. ஆயினும் தேடவேண்டிய பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அடுத்து, அது விதையிலிருந்து வந்ததா அல்லது அருகிலுள்ள மரத்தின் வேரிலிருந்து கிளைத்ததா என்பதைக் காண, அடிமண்ணை விரலால் மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும். கறிவேப்பிலை பத்தடி தள்ளிக்கூட வேரிலிருந்து கன்றுவிடும். கிடையாக ஓடும் தடித்த வேரோடு கன்று இணைந்திருந்தால் தாய்மரத்தைத் தேடுவதோடு ஆய்வு முடிந்துவிடும். தனக்கென நேராக இறங்கும் வேர் இருந்தால் அது விதைக்கன்று.

புதர்ச்செடி என்பது தண்டு கட்டையாகி, அடியிலிருந்தோ அடிக்குச் சற்று மேலிருந்தோ பல கிளைகளாகப் பிரிந்து, மரம் போல ஒற்றை அடிமரம் இல்லாமல் வளர்வது. இளமையில் மரக்கன்றும் புதரும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதாலும், ஒருமுறை வெட்டுப்பட்ட மரக்கன்று புதர் போலவே கிளைக்கும் என்பதாலும், உருவத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வருதல் பிழை. அதன் உயரம், அடித்தண்டின் பருமன், முள் உண்டா இல்லையா, முள் இருந்தால் அது கணுவில் உள்ளதா தண்டு முழுவதும் பரவியுள்ளதா என்பவற்றை நாளிட்டு எழுதிவைத்தால் போதும்.

இரண்டாம் படி: இலையைப் படித்தல்

பூ இல்லாத செடியில் மிகுதியாகப் பேசுவது இலையே. ஆனால் பெரும்பாலோர் பார்க்கும் இலையின் வடிவமும் நிறமும் அவ்வளவு நம்பத்தக்கவை அல்ல. நிழலில் நின்றால் இலை அகலும், வெயிலில் சிறுக்கும். வித்திலைக்குப் பின் வரும் முதல் இலைகள் முதிர்ந்த இலைகளை ஒத்திருக்க வேண்டுவதில்லை. மாறாமல் நிற்பது இலைகளின் அமைவுமுறை.

முதலில், எது இலை, எது சிற்றிலை என்று தெளிதல் வேண்டும். ஒரே காம்பில் பல தகடுகள் அமைந்திருப்பது கூட்டிலை. அத்தகடு ஒவ்வொன்றும் சிற்றிலை. இதனை அறிய எளிய வழி உண்டு: இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையான இலைக்கோணத்தில் ஒரு சிறிய மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் அம்மொட்டு இராது. கண்ணுக்குக் கூட்டிலை போலத் தோன்றும் கீழாநெல்லியின் சிறுகிளையைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு தகட்டின் அடியிலும் கடுகளவு பூவோ காயோ தொங்குவதைக் காணலாம். ஆகவே அவை தனித்தனி இலைகளே, அவற்றைத் தாங்குவது காம்பன்று, கிளை. அதே இனத்தைச் சேர்ந்த பூலாப் புதரும் இவ்வாறே ஏமாற்றும்.

அடுத்தது இலையமைவு. ஒரு கணுவுக்கு ஓர் இலை மாறி மாறி அமைந்தால் மாற்றிலை அமைவு, இரண்டு இலைகள் எதிரெதிரே அமைந்தால் எதிரிலை அமைவு, மூன்றோ அதற்கு மேலோ வட்டமாக அமைந்தால் வட்ட இலை அமைவு எனப்படும். இந்த ஒரு செய்தி எத்தனை ஐயங்களைத் தீர்க்கும் என்பதற்கு அரளிகளே சான்று. செவ்வரளியில் கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று இலைகள் வட்டமாக அமைந்திருக்க, மஞ்சள் அரளியில் ஒடுங்கி நீண்ட இலைகள் ஒவ்வொன்றாகத் தண்டைச் சுற்றி ஏறிச் செல்கின்றன. கிள்ளினால் வெள்ளைப் பால் வடிகிறது. பெயரில் ஒன்றுபோல ஒலிக்கும் இவ்விரண்டும் வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்தவை. எனினும் இரண்டும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சை உடையவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மஞ்சள் அரளி விதையால் நேரும் நச்சு நிகழ்வுகள் மருத்துவமனைகளுக்குப் பழக்கமானவை. முதிர்ந்த மஞ்சள் அரளியின் அடியில் அதன் கன்றுகள் தாமாக முளைத்து நிற்பது எங்கும் காணக்கூடியதாகையால், குழந்தைகள் விளையாடும் இடத்தில் இவ்வடையாளத்தை அறிந்திருப்பது இன்றியமையாதது.

இலையை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது அடுத்த சோதனை. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவை அடங்கிய எலுமிச்சைக் குடும்பத்தில், ஊசியால் குத்தியது போன்ற ஒளிப்புள்ளிகள் தகடு முழுவதும் தெரியும். அவை மணம் தரும் எண்ணெய்ச் சுரப்பிகள். கொய்யாவும் நாவலும் அடங்கிய குடும்பத்திலும் இப்புள்ளிகள் உண்டு. ஆனால் அவற்றின் இலைகள் கூட்டிலைகள் அல்ல, எதிரெதிரே அமைந்த தனி இலைகள். ஓரத்தில் ரம்பப்பல் உள்ள வேப்பங்கன்றையும் கறிவேப்பிலைக் கன்றையும் பிரித்தறிய இந்த ஒரு சோதனையே போதும்.

கசக்கி முகர்ந்து பார்க்கும் சோதனையும் பயனுடையதே. ஆனால் பால் வடியும் செடியில் அதனைச் செய்யலாகாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். அது பட்ட விரலால் கண்ணைத் தேய்ப்பதே வழக்கமான விபத்து. கையுறை அணிந்து, நுனி இலை ஒன்றை மட்டும் கிள்ளி, பாலின் நிறத்தைக் குறித்துக்கொண்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒத்த தோற்றமுடையவற்றைப் பிரித்தல்

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் குழப்பம் தரும் செடிகள் சில கூட்டங்களாகவே அமைகின்றன. செடி எக்கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிட்டால், அதற்குள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பது கடினமன்று.

மயிலிறகு போல நுண்ணிய சிற்றிலைகளையுடைய கூட்டத்தில் முள்ளே முதற்கேள்வி. முள் இல்லாமல், பின்னாளில் வெள்ளைப் பந்து போன்ற பூவும் தட்டையான நெற்றுக் கொத்தும் தருவது சுபாபுல். தண்டு கணுவுக்குக் கணு வளைந்து சென்று, கணுவில் ஒன்றோ இரண்டோ முள்ளும், ஒரு காம்பில் பெரும்பாலும், சிற்றிலை வரிசைகளைத் தாங்கும் கிளைக்காம்புகளான இறகுகள் ஓரிரு இணையும் இருந்தால் அது சீமைக்கருவேலம். அதன் பூ மஞ்சள் நிறக் கதிராகத் தொங்கும். வெண்மையான நேர்முட்கள் இணையிணையாக நீண்டு, பூ மஞ்சள் உருண்டையாகவும், நெற்று மணிமாலை கோத்தது போல இடையிடையே ஒடுங்கியும் இருந்தால் அது நாட்டுக் கருவேலம். முதலிரண்டும் அமெரிக்க நிலப்பகுதிகளிலிருந்து வந்து இங்கே கட்டின்றிப் பரவியவை, மூன்றாவது இம்மண்ணுக்குரியது.

இரட்டைப்படைச் சிற்றிலைகளும் மஞ்சள் பூவும் உடைய ஆவாரைக் கூட்டத்தில், பூ வருமுன்னரே ஆவாரையைப் பிரித்துக் காட்டுவது அதன் இலையடிச் செதில். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இருபுறமும் நிற்கும் சிறு இலை போன்ற உறுப்பே இலையடிச் செதில். மற்ற செடிகளில் இது நூல் போன்று மெலிந்து விரைவில் உதிர்ந்துவிடுகிறது; ஆவாரையிலோ காது மடல் போல அகன்று வளைந்து நிலைத்திருக்கிறது. காதையுடையது என்று பொருள்படும் ஆரிகுலேட்டா என்னும் அறிவியல் பெயர் இதனாலேயே அமைந்தது. கசக்கினால் துர்நாற்றம் வீசி, கூரிய நுனியுடைய சிற்றிலைகளோடு, காம்பின் அடியில் ஒரே ஒரு சுரப்பியைக் கொண்டு நிற்பது பொன்னாவிரை. நுனி மழுங்கிய மூன்று இணைச் சிற்றிலைகளே உடையது தகரை.

கத்தரிக் குடும்பத்துக் கூட்டம் எல்லாவற்றையும்விடக் கவனத்தோடு ஆராயப்பட வேண்டியது. சமையலறைக்குரிய சுண்டையும் கொடிய நஞ்சுடைய ஊமத்தையும் இதற்குள்ளேயே அடங்குகின்றன. இரண்டு கன்றுகளும் ஓரடி உயரத்தில் நிற்கும்போது, அகன்ற, ஓரம் ஆழமின்றி மடல்பட்ட இலைகளோடு கத்தரி நாற்றுப் போலவே தோன்றும். இந்நிலையில் பார்க்க வேண்டியது தண்டும் இலையின் அடிப்பரப்பும். சுண்டையின் தண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சற்று வளைந்த சிறு முட்கள் இருக்கும். இலையின் அடிப்புறம் தூசி படிந்தது போல வெளிறி, தொட்டால் கம்பளி போல உணரப்படும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையை அதன்மேல் வைத்துப் பார்த்தால், அத்தூசி முழுவதும் ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் கதிர் வீசும் மயிர்களாக, விண்மீன் கூட்டம் போல விரியும். இவற்றைத் தாவரவியலார் விண்மீன் மயிர்கள் என்பர். ஊமத்தையில் முள்ளும் இல்லை, விண்மீன் மயிரும் இல்லை. இலை ஏறத்தாழ வழுவழுப்பாக, அடிப்பாகம் ஒருபுறம் ஏறியும் மறுபுறம் இறங்கியும் இருக்கும். கசங்கினால் குமட்டும் நாற்றம் எழும்.

பூத்துவிட்டால் ஐயமே இல்லை. சுண்டையின் பூ வெள்ளை விண்மீன் வடிவில், நடுவே குவிந்த மஞ்சள் மகரந்தப் பைகளோடு, கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டுப் பகுதியிலிருந்து கொத்தாகத் தோன்றும். ஊமத்தையின் பூ கிளை இரண்டாகப் பிரியும் கவட்டில் தனியாக, ஒரு சாணளவு ஊதுகுழல் போல நீளும். சுண்டைக்காய் வழுவழுப்பான சிறு உருண்டை. ஊமத்தங்காய் முழுவதும் முள். இதே கூட்டத்தில், முள்ளே இல்லாமல் பஞ்சு போர்த்தது போன்ற மடலற்ற பெரிய இலைகளுடன் வளரும் வேறொரு சுண்டையினமும் உண்டு. தண்டிலும் இலையிலும் கொக்கி முட்களோடு, ஊதாப் பூவும் சிவந்த கனியும் தாங்கிப் பற்றிப் படர்வது தூதுவளை. எதிரெதிரே அமைந்த சொரசொரப்பான இலையும், நாற்கோணத் தண்டும், கசக்கினால் எழும் நெடியும் உடைய உண்ணிச்செடி இக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் சுண்டையென்று தவறாக எண்ணி அதனை வளர்ப்பவர்கள் உண்டு. அதனை மேயும் மாடுகளுக்குக் கல்லீரல் கெடும்.

வௌவாலும் பறவையும் கொண்டுவரும் தேன்பழம், சர்க்கரைப் பழம் என்றும் சிங்கப்பூர் செர்ரி என்றும் இலங்கையில் ஜாம் பழம் என்றும் வழங்கப்படுவது. கிளை கிடையாக நீண்டு தாழ்ந்து, அதன் இருபுறமும் ஒட்டும் தன்மையுள்ள மென்மயிரோடு கூடிய பல்விளிம்பு இலைகள் இரண்டு வரிசையாக அமைந்து, இலையடி சமனற்று இருந்தால் அதுவே என்று கொள்ளலாம். இது புதராக இருக்கும் காலம் சிறிது, ஈராண்டில் மரமாகிவிடும்.

நான்காம் படி: பூவுக்காகக் காத்திருத்தல்

தாவரங்களைக் குடும்பங்களாகவும் பேரினங்களாகவும் பிரித்தவர்கள் பெரிதும் பூவையும் காயையும் அடிப்படையாகக் கொண்டனர்; ஆகவே இலை தந்த விடையைப் பூ உறுதிசெய்யும் வரை பொறுத்திருப்பதே முறை. காத்திருக்கும் காலத்தில் செடியின் அருகே ஒரு குச்சியை நட்டு அடையாளம் கட்டிவைத்தால் தோட்ட வேலைக்கு வருபவர் தவறிப் பிடுங்கமாட்டார். இடம் குறைவாக இருந்தால் பக்கக் கிளைகளைக் கழித்து ஒரு கிளையை மட்டும் பூக்க விடலாம்.

பூத்ததும், இதழ்கள் எத்தனை, அவை பிரிந்துள்ளனவா இணைந்து குழலாக உள்ளனவா, மகரந்தத்தாள்கள் எத்தனை, சூற்பை இதழ்களுக்கு மேலே உள்ளதா கீழே உள்ளதா என்பவற்றை எழுத வேண்டும். சூற்பை என்பது பின்னர் காயாக மாறும் பகுதி. பூவைச் சவர பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இவையனைத்தும் தெரியும். முழுச்செடி, கணு, இலையின் மேற்புறம், அடிப்புறம், பூவின் முன்புறம், பக்கவாட்டு, காய் ஆகிய ஒவ்வொன்றையும் அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுப்பது நல்லது. இலைப்பரப்பை மட்டும் காட்டும் படம் நிபுணருக்கும் பயன்படாது.

ஐந்தாம் படி: பெயரை உறுதிசெய்தல்

ஊர்ப்பெயர் தேடலின் தொடக்கத்துக்கு உதவுமே அன்றி முடிவுக்கு உதவாது. ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கும், ஒரு செடிக்கு நான்கு பெயர்களும் வழங்குவதால், பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் சேர்ந்த இருசொற் பெயரையே உறுதியானதாகக் கொள்ள வேண்டும். 1753இல் லின்னேயஸ் நிலைநிறுத்திய முறை இது. கைப்பேசியில் இயங்கும் பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைக் கொண்டு சில பெயர்களை முன்வைக்கின்றன. அவற்றை விடையாகக் கொள்ளாமல், சோதித்துப் பார்க்க வேண்டிய பெயர்களின் பட்டியலாகக் கொள்வதே தக்கது; உண்ணத்தக்கதா என்ற கேள்விக்குச் செயலியின் விடையை ஒருபோதும் நம்பலாகாது.

சோதிப்பதற்குரிய நூல்களில், 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும், உலர்த்திய செடி மாதிரிகளைத் தொகுத்து வைத்திருக்கும் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்திலிருந்து கே. எம். மேத்யூ உருவாக்கிய தமிழ்நாட்டுக் கர்னாட்டிக் பகுதித் தாவர நூலும் முதன்மையானவை. இவற்றில் இருகிளைத் திறவுகோல் என்னும் முறை கையாளப்படுகிறது: ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கூற்றுகள் தரப்படும், செடிக்குப் பொருந்தும் கூற்றைப் பின்தொடர்ந்தால் இறுதியில் பெயர் கிட்டும். பெயர்கள் மாறுவதுண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய நூல்களில் ஆவாரை காசியா என்னும் பேரினத்தில் இருக்கும், இன்று அது சென்னா. சீமைக்கருவேலத்தைப் புரோசோபிஸிலிருந்து பிரித்து நெல்டூமா என்னும் பேரினத்தில் வைப்பதும் அண்மைக்கால வழக்கம்.

நூலாலும் தீராத ஐயத்துக்கு உலர்மாதிரி ஒன்றைச் செய்துகொள்ளலாம். பூவும் காயும் இலையும் உள்ள ஒரு சாண் நீளக் கிளையைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து, மேலே கனமான பலகையை ஏற்றி, நாள்தோறும் தாளை மாற்றி உலர்த்தினால் ஒரு வாரம், பத்து நாளில் மாதிரி ஆயத்தமாகிவிடும். காய்ந்தபின் பூவின் நிறமும் செடியின் மணமும் பாலும் மறைந்துவிடுமாகையால், பறித்த அன்றே அவற்றை இடம், நாள், உயரம், ஊர்ப்பெயர் ஆகியவற்றோடு சீட்டில் எழுதிவிட வேண்டும். இத்தகைய மாதிரியை அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டலாம். கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்திலும் புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனத்திலும் பெரிய உலர்தாவரகங்கள் உள்ளன.

பெயர் தெரிந்தபின் முடிவு எடுப்பது எளிது. சீமைக்கருவேலமாகவோ உண்ணிச்செடியாகவோ இருந்தால், காய் முற்றுவதற்கு முன், மழைக்குப்பின் மண் இளகியிருக்கும்போது, அடித்தண்டோடு வேரையும் தோண்டி எடுக்க வேண்டும். மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும். அரளியும் ஊமத்தையும் ஆமணக்கும் குழந்தைகள் உள்ள வீட்டில் இருக்கலாகாது. அறியாமல் யாரேனும் தின்றுவிட்டால், வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல், தின்ற செடியின் காயோடு கூடிய கிளை ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆவாரையோ நொச்சியோ சுண்டையோ என்று உறுதிப்பட்டால், அது தானே தேர்ந்த இடத்திலேயே விட்டுவிடலாம். நீரூற்றாமலே பிழைத்த செடி அது. எதுவாயினும் அறிந்த பெயரை அண்டை வீட்டாருக்கும் சொல்லிவிடுவது நல்லது. அதே பறவை அவர்கள் கொல்லையிலும் அதே விதையை இட்டிருக்கும்.